முப்பத்தேழு இருக்கைகளின் கணக்கு

ஜோகன்னஸ்பர்க் நகரின் ஓ.ஆர். டாம்போ பன்னாட்டு விமான நிலையத்தில், பெரிய விமானங்கள் அணிவகுத்து நிற்கும் பகுதியைக் கடந்து பேருந்து ஒன்று நம்மை ஏற்றிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும். இறங்கிப் பார்த்தால் பென்சிலைப்போல ஒல்லியான ஒரு விமானம் நிற்கும். படிக்கட்டின் கீழே நிற்கும் ஊழியர், நாம் கையோடு கொண்டுவந்த சிறு பெட்டியை வாங்கி, அட்டை ஒன்றைக் கட்டி, விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிடுவார். தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் ஒற்றை இருக்கை, வலப்பக்கம் இரட்டை இருக்கை. மொத்தம் 37 பேர். அவர்களுக்கு ஒரே ஒரு பணிப்பெண்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கருத்தரங்கிற்காகத் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது, மலைப்பாங்கான ஒரு சிறு நகருக்கு இப்படியொரு விமானத்தில் பயணம் செய்தேன். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் பயணத்துக்கு நான் கொடுத்த கட்டணம், அதே வாரத்தில் கேப் டவுனுக்கு இரண்டு மணி நேரம் பறப்பதற்குக் கொடுத்ததைவிட அதிகம். புறப்படும் முன் முன்வரிசையில் அமர்ந்திருந்த இருவரைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். விமானத்தின் எடையைச் சமன் செய்வதற்காம். சென்று சேர வேண்டிய ஊரின் மேல் கடும் பனிமூட்டம். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினோம். மறுநாள் பிற்பகலில்தான் போய்ச் சேர்ந்தேன். இரவு தங்கியதற்கான செலவு என்னுடையது.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஜோகன்னஸ்பர்க்கில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பும் மூதாட்டி ஒருவர் இருந்தார். நான் எரிச்சலுடன் கட்டணத்தைப் பற்றிச் சொன்னபோது, தம் ஊருக்கு முன்பு விமானம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வந்தது என்றும், இடையில் சில மாதங்கள் அதுவும் வரவில்லை என்றும் கூறினார். அவருக்குக் கட்டணம் இரண்டாவது கவலை. சேவை இருக்குமா என்பதே முதல் கவலை. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் விலைக் கோட்பாடு நடத்திய எனக்கு, அந்த வேறுபாடு அன்றுதான் உறைத்தது.

சிறு விமானத்தில் கட்டணம் ஏன் அதிகம் என்பதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஏறத்தாழ 180 இருக்கைகள் கொண்ட விமானத்தையும் இரண்டு விமானிகள்தான் ஓட்டுகிறார்கள். 37 இருக்கைகள் கொண்ட விமானத்தையும் இரண்டு விமானிகள்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுடைய ஊதியம் அங்கே 180 பேரிடையே பங்கிடப்படுகிறது, இங்கே 37 பேரிடையே. வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, தரைப்பணி, பொறியாளர்கள், முன்பதிவுக் கணினி என ஒவ்வொன்றிலும் இதே கதைதான். ஆளுக்கு ஆகும் எரிபொருளும் கூடுதலே. அன்று எங்கள் விமானத்தில் 20 பேர்தான் இருந்தோம். காலியாக இருந்த 17 இருக்கைகளின் செலவும் எங்கள் பயணச்சீட்டில்தான் ஏறியிருக்கும்.

அப்படியானால் பெரிய விமானத்தையே அனுப்பலாமே என்று தோன்றும். நாளொன்றுக்கு 40 பேர் மட்டுமே போகும் ஊருக்கு 180 இருக்கைகளை அனுப்பினால், ஒருவருக்கான செலவு குறையாது, மேலும் ஏறும். நான்கு நாள்களுக்கு ஒருமுறை அனுப்பினால் விமானம் நிறையலாம். ஆனால் காலையில் வழக்குமன்றத்துக்குப் போய் மாலையில் திரும்ப வேண்டியவருக்கு அந்த விமானம் இருந்தும் இல்லாததே. சிறு விமானம் நமக்கு விற்பது இருக்கையை மட்டுமன்று, இன்று காலையும் மாலையும் போய்வரும் வாய்ப்பையும் சேர்த்துத்தான்.

தெற்கு ஆப்பிரிக்காவில் இக்கணக்கு இன்னும் கடினமாகிறது. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,690 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லெசோத்தோவின் தலைநகர் மசேருவின் விமான நிலையமும் 1,600 மீட்டருக்கு மேல். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைகளுக்கும் இயந்திரத்துக்கும் வலு குறையும். ஆகவே மேலெழ நீண்ட ஓடுபாதை வேண்டும், அல்லது எடையைக் குறைக்க வேண்டும். சிறு நகரங்களில் நீண்ட ஓடுபாதை ஏது? போதாக்குறைக்கு, விமானக் குத்தகைத் தொகையும் உதிரிப்பாகங்களும் டாலரில். எரிபொருளின் விலையும் டாலரை ஒட்டியே. பயணி கொடுப்பதோ ராண்டில். ராண்ட் சரியும்போதெல்லாம், பறக்கும் தூரம் கூடாமலேயே செலவு கூடிவிடுகிறது.

இந்நிலத்தில் இத்தொழிலை நெடுங்காலமாக நடத்திவரும் நிறுவனங்களில் ஒன்று ஏர்லிங்க். 1992-இல் தொடங்கப்பட்ட இத்தனியார் நிறுவனம், பிரேசிலில் தயாராகும் எம்ப்ரேயர் விமானங்களை அதிகமாகப் பயன்படுத்துகிறது. அதன் வழித்தடப் பட்டியலைப் பார்த்தால் இரண்டு வகை ஊர்கள் கண்ணில் படும். ஒன்று, குரூகர் தேசியப் பூங்காவுக்குள்ளேயே அமைந்த ஸ்குகூசா, போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்புநிலத்துக்கு வாயிலான மவுன், விக்டோரியா அருவி போன்றவை. யானையையும் சிங்கத்தையும் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருபவர் பயணக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கமாட்டார். மற்றொன்று, உம்டாட்டா, கிம்பர்லி, உப்பிங்டன் போன்ற உள்நாட்டு ஊர்கள். அங்கே ஏறுபவர்கள் அரசு அலுவலர், வழக்கறிஞர், சுரங்கப் பொறியாளர், மருத்துவமனைக்குச் செல்பவர். இவர்களும் விலையைப் பார்த்துப் பயணத்தை நிறுத்திக்கொள்ள முடியாதவர்களே. ஆனால் காரணம் வேறு. மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் இரவெல்லாம் பேருந்தில் போகிறார்கள். விமானத்தின் கணக்கில் அவர்கள் வருவதே இல்லை.

இவை அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்து நிற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தென் அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுதான் அது. தோற்ற நெப்போலியனை 1815-இல் கொண்டுபோய் வைத்த இடம்; அங்கிருந்து தப்பி வர இயலாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். 1821-இல் அங்கேயே அவர் இறந்தார். பிரிட்டனின் ஆட்சிப்பகுதியான அத்தீவில் ஏறத்தாழ 4,500 பேர் வாழ்கிறார்கள். அண்மைக்காலம் வரை அவர்களுக்கு வெளியுலகத் தொடர்பு ஒரே ஒரு அஞ்சல் கப்பல். கேப் டவுனிலிருந்து ஐந்து இரவுப் பயணம். குடல்வால் வெடித்தாலும், குறைமாதத்தில் குழந்தை பிறந்தாலும், தீவின் சிறு மருத்துவமனையால் இயலாததைக் கப்பலுக்காகக் காத்திருந்துதான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டன் அரசு அங்கே 28.5 கோடி பவுண்ட் செலவில் விமான நிலையம் கட்டியது. தீவின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 63,000 பவுண்டுக்கு மேல். ஒரு பள்ளத்தாக்கையே பாறையால் நிரப்பி ஓடுபாதைக்கு இடம் கண்டார்கள். 2016-இல் திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய மாதம், போயிங் 737-800 விமானம் ஒன்று சோதனைக்காக வந்தபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. செங்குத்தான பாறைகளில் மோதி எழும் காற்று, ஓடுபாதையின் ஒரு முனையில் திசையையும் வேகத்தையும் திடீர் திடீரென மாற்றிக்கொண்டிருந்தது. விமானம் முதல் முயற்சியில் தரையிறங்க முடியாமல் மேலெழும்பிப் போக வேண்டியதாயிற்று. திறப்பு விழா தள்ளிவைக்கப்பட்டது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் உலகின் மிகப் பயனற்ற விமான நிலையம் என்று எள்ளி நகையாடின. அவர்கள் நகையாடிக்கொண்டிருந்த மாதங்களிலேயே, சிறிய மருத்துவ விமானங்கள் அங்கே இறங்கி நோயாளிகளை ஏற்றிச் சென்றன. அது தலைப்புச் செய்தியாகவில்லை.

பெரிய விமானம் செய்ய முடியாததை ஒரு வட்டார நிறுவனம் செய்தது. தீவு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஏர்லிங்க், 2017 அக்டோபர் 14 அன்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நமீபியாவின் விண்ட்ஹூக் வழியாக முதல் வணிகப் பயணத்தை நடத்தியது. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சின்னஞ்சிறு ஊர்களுக்கு ஓடிய பழக்கம் அதற்குத் துணைநின்றது. அது கொண்டுசென்ற எம்ப்ரேயர் 190 விமானத்தில் 99 இருக்கைகள். ஆனால் தொடக்கத்தில் 76 பேர் வரைதான் ஏற்றினார்கள். மீதி 23 இருக்கைகள் விற்பனைக்கே இல்லை. காற்றின் போக்குக்கேற்ப ஓடுபாதையில் பாதுகாப்பாக நிற்க வேண்டுமானால் விமானத்தின் எடை குறைவாக இருக்க வேண்டும். அதேவேளையில், தரையிறங்க முடியாமல் போனால் திரும்பிவர எரிபொருளும் வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு ஓடுபாதை கிடையாது. எரிபொருளின் எடை ஏறும்போது பயணிகளின் எண்ணிக்கை இறங்குகிறது.

வாரம் ஒரு விமானம், 76 பேர் என்றால் ஆண்டுக்கு ஒரு திசையில் 3,952 பேர். விமான நிலையம் திட்டமிடப்பட்டபோது, காலப்போக்கில் ஆண்டுக்கு 30,000 சுற்றுலாப் பயணிகள் வரையில் வருவார்கள் என்றும், தீவு தன் காலில் நிற்கும் என்றும் கணித்திருந்தார்கள். வகுப்பறையில் இக்கணக்கைக் கொடுத்தால் முதலாண்டு மாணவனும் திட்டம் தோல்வி என்று எழுதிவிடுவான். சுற்றுலாவை மட்டும் வைத்து அளந்தால் அவன் எழுதுவது சரியே. அத்தனை பேர் வருவார்கள் என்று காகிதத்தில் காட்டிச் செலவை நியாயப்படுத்தியவர்கள் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்தாம்.

ஆயினும் அந்த அளவுகோலே தவறு என்பது என் கருத்து. ஒரு காலத்தில் நானும் எதிர்த்தரப்பில் நின்றவன். காலி இருக்கைக்கு மானியம் கொடுப்பது வீண் என்று எழுதியும் இருக்கிறேன். ஓர் ஊரைவிட்டு வேறெப்படியும் வெளியேற முடியாது என்னும்போது, விமானம் அங்கே சாலைக்கு நிகர். கிராமத்துச் சாலையில் மணிக்கு எத்தனை வண்டிகள் ஓடின என்று எண்ணி அதன் பயனை யாரும் தீர்மானிப்பதில்லை. அந்த அஞ்சல் கப்பலும் மானியத்தில்தான் ஓடியது. 2018 பிப்ரவரியில் தன் கடைசிப் பயணத்தை முடித்தது. ஐந்து இரவுகள் ஆறு மணி நேரமாகச் சுருங்கியதற்கு விலை உண்டு. அவ்விலையைத் தீவில் கடை வைத்திருப்பவரும் தாதியும் மட்டும் சுமக்க வேண்டுமா என்பதே கேள்வி.

செயின்ட் ஹெலினா பயணத்தின் அனுபவமும் இதற்கேற்பவே இருக்கும். மேகம் தாழ்ந்தால் விமானம் போகாது, போனாலும் இறங்காது. ஓர் இரவோ இரண்டு இரவுகளோ நமீபியாவிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ தங்கிவிட்டுப் போக நேரும். அடுத்த விமானம் அடுத்த வாரம் என்ற நிலையில், ஒரு நாள் தவறினால் விடுப்பில் பாதி போய்விடும். அங்கே போவோர் திரும்பும் நாளை ஒட்டி வேறெந்தப் பயணத்துக்கும் முன்பதிவு செய்யாதிருப்பது நல்லது.

இதுவரை கூறியவை இயற்கையும் எண்ணிக்கையும் விதிக்கும் துன்பங்கள். பயணிக்கு மனிதர்கள் விளைக்கும் துன்பம் வேறு. அதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். விமானப் பயணச்சீட்டு என்பது, உற்றுப் பார்த்தால், வட்டியில்லாமல் பயணி நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடன். மூன்று மாதத்துக்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறோம். நிறுவனம் இன்றைய எரிபொருளை அதில் வாங்குகிறது. நிறுவனம் நொடித்துப்போனால், வங்கிகளுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் பின்னால், வரிசையின் கடைசியில் பயணி நிற்கிறார்.

இவ்வட்டாரத்தில் அந்த வரிசை நீளமானது. 2012 நவம்பரில் ஒன்டைம் நிறுவனம் ஒரே நாளில் நின்றது. 2021 பிப்ரவரியில் நமீபிய அரசு தன் ஏர் நமீபியாவைக் கலைத்தது. 2022 ஜூன் மாதத் தொடக்கத்தில், தென்னாப்பிரிக்க உள்நாட்டு இருக்கைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்த காம்ஏர், பறப்பதை நிறுத்திக்கொண்டது. எஞ்சிய நிறுவனங்களின் கட்டணம் மளமளவென்று ஏறியது. கைவிடப்பட்ட பயணி தம் பணத்தையும் இழந்து, புதிய சீட்டுக்கு முன்னிலும் அதிகம் கொடுத்தார்.

ஏர்லிங்கே இப்படி ஒரு வரிசையில் நின்றது என்பது சற்று வேடிக்கையான செய்தி. 1997 முதல் அது அரசு நிறுவனமான சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸின் பெயர்க்குறியீட்டில் பறந்துவந்தது. சீட்டுகளை விற்றுப் பணத்தை வாங்கிவைப்பது பெரியவரின் வேலை. பறப்பது சின்னவரின் வேலை. 2019 டிசம்பரில் பெரியவர் நிறுவன மீட்பு நடவடிக்கைக்குள் போனபோது, ஏர்லிங்குக்குச் சேர வேண்டிய ஏறத்தாழ 50 கோடி ராண்ட் உள்ளே சிக்கிக்கொண்டது. எங்கள் பயணிகள் கொடுத்த பணத்தை நீங்கள் எங்களுக்காகத்தானே வைத்திருந்தீர்கள் என்று அது நீதிமன்றம் சென்றது. மேல்முறையீட்டிலும் ஏற்கவில்லை, மற்றக் கடன்காரர்களைப் போலவே நிற்க வேண்டும் என்றாகிவிட்டது. அதன்பின் ஏர்லிங்க் தன் சொந்தப் பெயரில் தனியே பறக்கத் தொடங்கியது. வழக்கறிஞர்களை அமர்த்திக்கொண்ட நிறுவனத்துக்கே இக்கதி என்றால், கண் அறுவை சிகிச்சைக்குப் போன மூதாட்டி யாரிடம் போவார்?

ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதால்தான் இத்தொல்லை, போட்டி வந்தால் தீரும் என்பார்கள். கூட்டம் உள்ள வழித்தடத்துக்கு அது பொருந்தும். ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுக்கொன்று வான்வெளியைத் திறந்துவிட 1999-இல் யாமூசூக்ரோவில் முடிவெடுத்தன. 2018-இல் ஒற்றை ஆப்பிரிக்க வான்சந்தை என்று மீண்டும் அறிவித்தன. நடைமுறை மிக மெதுவாகவே நகர்கிறது. சில சிறு நாடுகள் தாமே நிறுவனம் தொடங்குகின்றன. எசுவாத்தினி 2023-இல் தன் தேசிய நிறுவனத்தை எம்ப்ரேயர் 145 விமானங்களுடன் பறக்கவிட்டது. ஆனால் சிறு நிறுவனம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைப் போட்ஸ்வானா அறியும். 1999 அக்டோபரில், பறக்கத் தடைசெய்யப்பட்டிருந்த விமானி ஒருவர் ஏர் போட்ஸ்வானாவின் விமானமொன்றைத் தனியே எடுத்துச்சென்று, கபரோன் விமான நிலையத்தில் நின்றிருந்த அதே நிறுவனத்தின் வேறு இரண்டு விமானங்களின் மேல் மோதி மாண்டார். வேறு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் தேசிய விமான நிறுவனத்திடம் அன்று பறக்கும் நிலையில் ஒரு விமானமும் மிஞ்சவில்லை.

ஆகவே ஒற்றை நிறுவனம் மட்டுமே ஓடக்கூடிய வழித்தடங்கள் இருக்கத்தான் செய்யும். அங்கே போட்டியைவிட ஒப்பந்தமே பயணியைக் காக்கும். செயின்ட் ஹெலினாவில் செய்ததுபோல் அரசு ஒப்பந்தம் போடுமானால், வாரத்துக்கு எத்தனை பயணம், உள்ளூர்வாசிக்கு என்ன கட்டணம், நோயாளிக்கு ஒதுக்கும் இருக்கை எத்தனை, விமானம் திரும்பிவிட்டால் இரவுத் தங்கலுக்கு யார் பொறுப்பு என்பவற்றை அதில் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். முன்பணத்தைப் பொறுத்தவரை, பறந்து முடியும்வரை அதைத் தனிக் கணக்கில் வைக்கலாம். அல்லது ஒவ்வொரு சீட்டிலும் சிறு தொகை பிடித்துக் காப்பு நிதி உண்டாக்கலாம். பிரிட்டனில் விமானப் பயணத்துடன் கூடிய சுற்றுலாத் தொகுப்பு வாங்குவோருக்கு 'அடோல்' என்ற பெயரில் இத்தகைய பாதுகாப்பு 1970-களிலிருந்தே இருந்துவருகிறது.

முன்பணம் கையில் இல்லாவிட்டால் எரிபொருள் வாங்க இயலாது, சிறு நிறுவனங்கள் மூடவேண்டி வரும் என்று எதிர்வாதம் வரும். அதில் உண்மை இருக்கிறது. 37 இருக்கைகளை வைத்துக்கொண்டு வங்கியில் கடன் கேட்பது எளிதன்று. அப்படியானால் அந்த நடைமுறை மூலதனத்தை அரசோ வளர்ச்சி வங்கியோ வெளிப்படையாகக் கடனாகக் கொடுக்கட்டும், வட்டியும் வாங்கிக்கொள்ளட்டும். இப்போது அதை அந்த மூதாட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார், தாம் கடன் கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே.